பட்டத்துக்கு முன் மேசையைத் தெரியுங்கள்

கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு காலை வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் நாலு பளபளப்பான கையேடுகள் கிடந்தன. முதல் நாள் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நடந்த கல்விக் கண்காட்சியில் அவருடைய மகள் அள்ளிக்கொண்டு வந்தவை. நாலின் அட்டையிலும் ஒரே மாதிரிப் படம்தான்: செவ்வானம், மேலெழும் விமானம், அதைப் பார்த்துச் சிரிக்கும் கோட் போட்ட ஒருவர். பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து முடித்திருந்தாள். "அங்கிள், இதில எது நல்லது? மாஸ்டர்ஸ் முடிச்சா ஏவியேஷனுக்குள்ள போகலாம்தானே?" என்று கேட்டாள்.

இருபது வருடத்துக்கு மேலாக விமானச் சரக்குத் தொழிலில் இருப்பதால் தெரிந்தவர்கள் வீட்டில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். நான் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டேன். "உள்ள போய் எந்த மேசையில இருக்கப் போறீர்?"

அவள் முழித்தாள். கண்காட்சியில் அத்தனை பேரோடு பேசியும் ஒருவரும் அதைக் கேட்கவில்லையாம்.

விமானத்துறைக்கு இரண்டு வாசல் இருக்கிறது. முதலாவது லைசன்ஸ் வாசல். விமானி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பழுதுபார்த்த விமானத்தைப் 'பறக்கலாம்' என்று கையெழுத்திட்டு விடுவிக்கும் பராமரிப்புப் பொறியியலாளர், இவர்கள் எல்லாரும் இந்த வழியாகத்தான் போகவேண்டும். இதன் விதிகளுக்கு அடிப்படை 1944இன் சிக்காகோ உடன்படிக்கை. அதன் முதலாவது இணைப்பே ஆட்களுக்கு லைசன்ஸ் வழங்குவது பற்றியதுதான். இலங்கையில் அந்த லைசன்ஸைக் கொடுப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. விமானிக்கு அங்கே மணித்தியாலம்தான் கணக்கு. வர்த்தக விமானி லைசன்ஸுக்கு 200 மணித்தியாலம் (அங்கீகரித்த தொடர் பயிற்சி என்றால் 150), பெரிய ஜெட் ஒன்றுக்குக் கப்டனாக 1,500 மணித்தியாலம், முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், ஆங்கிலத்தில் குறைந்தது நாலாம் நிலை. முதுமாணிப் பட்டம் அந்த 1,500இல் ஒரு மணித்தியாலத்தைக்கூடக் குறைத்துத் தராது.

பராமரிப்புப் பக்கமும் அப்படித்தான். ஐரோப்பிய விதிகளைப் பாருங்கள், உலகின் பல நாடுகள் அவற்றை ஒட்டியே தங்கள் விதிகளை எழுதியிருக்கின்றன. பாடத்தொகுதிகள் ஒவ்வொன்றிலும் 75 வீதம் எடுக்கவேண்டும், அதற்கு மேல் ஹாங்கரில் கிறீஸ் படிந்த கையோடு சில வருடங்கள். தொழில்நுட்பத் துறையில் பல்கலைக்கழகப் பட்டம் உள்ளவர்களுக்கு ஒரேயொரு குறுக்குவழி உண்டு. பெரிய பராமரிப்பு முடிந்தபின் விமானத்தை விடுவிக்கும் 'சி' வகை லைசன்ஸை அவர்கள் 3 வருட அனுபவத்தோடு கேட்கலாம். அதற்கும் முதல் பட்டம் போதும், முதுமாணி யாரும் கேட்பதில்லை. இயந்திரப் பொறியியல் படித்த ஒரு தம்பி 'ஏரோநோட்டிக்கல்' என்ற பெயருள்ள எம்.எஸ்சி. ஒன்றை முடித்துவிட்டு கட்டுநாயக்க விமானநிலையத்துக்குப் போய் நின்றால், ஒரு போல்ட்டைக் கழற்றிப் பூட்டிவிட்டுக் கையெழுத்திடக்கூட அவருக்கு உரிமை இல்லை.

ஆகவே பறக்கத்தான் ஆசை என்றால் முதுமாணிக்குச் செலவழிக்கும் காசை அப்படியே பறப்புப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது. வயதும் அங்கே ஒரு கணக்குத்தான். 27 வயதில் பட்டமெல்லாம் முடித்துவிட்டுப் பறக்கத் தொடங்குகிறவர் 20இல் தொடங்கியவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்பார்.

இரண்டாவது வாசல் மேசை வாசல். விமானநிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் விமானியறைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்கள். டிக்கெட் விலை போடுகிறவர், நேர அட்டவணை வரைகிறவர், விமானப் பணியாளர்களுக்குப் பணிப் பட்டியல் போடுகிறவர், எரிபொருள் வாங்குகிறவர், விமானக் குத்தகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கிறவர், சரக்கு விற்கிறவர். இவர்களுக்கு லைசன்ஸ் கிடையாது. முதுமாணி என்ற சொல்லுக்கு மதிப்பு உள்ள இடம் இது. ஆனால் எந்த முதுமாணி? 'ஏவியேஷன்' என்று பெயரில் எழுதியிருக்கும் பட்டத்தைவிட, நீங்கள் உட்காரப்போகும் மேசையின் தொழிலைக் கற்றுத்தரும் பட்டம்தான் பெரும்பாலும் கதவைத் திறக்கிறது என்பது என் கட்சி. நண்பர் வீட்டில் இதைச் சொன்னபோது அவருடைய மனைவிக்கே நம்பிக்கை வரவில்லை. "பிளேன் கொம்பனிக்குப் போறதுக்கு ஏன் அண்ணா கணக்குப் படிக்கவேணும்?" என்றார். அதனால் தோசை ஆறஆற ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம். தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கிறது. தி.நகரில் சேலை எடுக்கப் போகிறவர்கள் இப்போதே 30,000 ரூபாய்க்கு டிக்கெட் கேட்கிறார்கள். இன்னொரு கூட்டம் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் வரும்: ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், திடீர் மரணவீட்டுக்குப் போகிறவர், வியாபாரத்துக்குப் போகிறவர். அவர்கள் 60,000 கொடுத்தும் வாங்குவார்கள். விலையெல்லாம் கணக்குக்காகச் சொல்கிறேன். இப்போது கேட்கிறவர்களுக்கே எல்லாச் சீட்டையும் கொடுத்தால் விமானம் நிரம்பும், பணம் குறையும். கடைசிக் கூட்டத்துக்கென்று அதிகமாக ஒதுக்கினால் சீட்டு காலியாகப் பறக்கும். காலிச் சீட்டை அடுத்த நாள் விற்க முடியாது, அது இடியப்பத்தைவிட வேகமாகப் பழுதாகும் சாமான். எத்தனை சீட்டை மூடி வைப்பது?

1972இல் பி.ஓ.ஏ.சி. என்ற பிரித்தானிய விமானநிறுவனத்தில் வேலை செய்த கென் லிட்டில்வுட் இதற்கு ஒரு விதி சொன்னார். மலிவு விலையை உயர்ந்த விலையால் வகுங்கள். இங்கே 30,000ஐ 60,000ஆல் வகுத்தால் 0.5. பழைய பதிவுகளை எடுத்து, கடைசி நேரத்தில் குறைந்தது 9 பேராவது வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பாருங்கள். 55 வீதம் என்றால் அது அந்த 0.5ஐ, அதாவது 50 வீதத்தை, தாண்டுகிறது. ஒன்பதாவது சீட்டை மூடி வைப்பது லாபம். 10 பேராவது வரும் வாய்ப்பு 48 வீதம் என்றால் பத்தாவது சீட்டை இப்போதே மலிவாக விற்றுவிடுங்கள். இவ்வளவுதான் விதி. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியபின் இந்தச் சின்ன விதியின் மேல் ஒரு பெரிய தொழிலே கட்டி எழும்பியது. 1987இல் எம்.ஐ.டி.யில் பீட்டர் பெலோபாபா தன் ஆய்வில் இதைப் பல கட்டண வகுப்புகளுக்கு விரித்தார். இன்றைக்கும் 'வருமான முகாமைத்துவம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய அறைகளில் ஓடுவது இந்தச் சிந்தனையின் பேரப்பிள்ளைகள்தான்.

அந்த அறைக்கு ஆள் எடுக்கும்போது பார்ப்பது நிகழ்தகவு தெரியுமா, தரவைக் கையாளத் தெரியுமா என்பதை. போயிங்குக்கும் எயார்பஸ்ஸுக்கும் வித்தியாசத்தை ஒரு கிழமையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நிகழ்தகவை ஒரு கிழமையில் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆகவே நண்பரின் மகளுக்குப் புள்ளிவிபரவியலிலோ தரவு அறிவியலிலோ தொழிற்பாட்டு ஆய்விலோ ஒரு முதுமாணி, அட்டையில் விமானமே இல்லாத ஒன்று, அந்தச் செவ்வானக் கையேடுகளைவிட நேரான பாதை.

இதே மாதிரி மற்ற மேசைகளையும் பார்க்கலாம். பாதுகாப்பு மேசையை எடுங்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் டி.சி.-8 விமானம் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னி மலைத்தொடரில் மோதி 191 பேரும் இறந்தார்கள். மலையகத்துப் பெரியவர்கள் இன்றும் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். விமானம் உடைந்ததால் வந்த விபத்து அல்ல அது. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, விமானநிலையம் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே தாழ இறங்கிவிட்டார்கள். மனிதர் ஏன் இப்படிப் பிழை விடுகிறார், எந்தத் திரை, எந்தச் சொல், எந்தக் களைப்பு அவரை அங்கே கொண்டுபோய் விடுகிறது என்று ஆராய்வது தனிப் படிப்பு. அதை மனிதக் காரணிகள் என்கிறார்கள். உளவியல் படித்தவர்கள் இதற்குள் தாராளமாக வரலாம். 2013இல் சிக்காகோ உடன்படிக்கையின் பத்தொன்பதாவது இணைப்பு வந்தபின் பாதுகாப்பு முகாமைத்துவம் உலகெங்கும் ஒழுங்கான முறைமையாகிவிட்டது, அதற்கு ஆளும் தேவைப்படுகிறது. நம்மூரில் உளவியல் படித்த பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

சட்டம் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. சென்னைக்கும் பலாலிக்கும் இடையில் எந்த நிறுவனம் எத்தனை தடவை பறக்கலாம் என்பது இரு நாட்டுக்கும் இடையிலான விமானச் சேவை உடன்படிக்கையில் தொங்குகிற விஷயம். 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான் ஓட்டியது. அதே பாதை போரில் அறுந்து, 2019இல் பலாலி சர்வதேச விமானநிலையமாகத் திறந்ததும் ஒட்டி, கொரோனாவில் மறுபடி அறுந்து, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. இதற்குப் பின்னால் இருக்கும் காகித வேலையை விரும்புகிறவர்களுக்கு மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தின் வான், விண்வெளிச் சட்ட நிறுவனம் 1951இலிருந்து இருக்கிறது, நெதர்லாந்தில் லைடன் இருக்கிறது. ஆனால் இலங்கையில் இந்த மேசைகளை விரல்விட்டு எண்ணலாம். முதலில் இங்கே சட்டத்தரணியாகிவிட்டுப் போவதுதான் உத்தமம்.

இனி ஒரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். பொறியியல் படித்த பிள்ளைகள் பலர் 'ஏரோஸ்பேஸ்' முதுமாணிக்கு அமெரிக்காவுக்கோ பிரித்தானியாவுக்கோ விண்ணப்பிக்கிறார்கள். படிப்பு அருமையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை படிப்பு முடிந்தபின் வருகிறது. அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பாதுகாப்புத் துறையோடு தொடர்புள்ள தொழில்நுட்பத்தை அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தர வதிவிட உரிமை பெற்றோர் போன்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் அரசின் அனுமதி இல்லாமல் காட்டக்கூடாது. மாணவர் விசாவில் படித்து முடித்த நம்மவருக்கு அங்கே மூடியிருக்கும் கதவுகள் ஏராளம். விளம்பரத்திலேயே அதை எழுதிவிடுவார்கள். பிரித்தானியாவில் இந்தப் பாடங்களைப் படிக்கவே இலங்கையர்கள் முன்கூட்டி ஒரு பாதுகாப்பு அனுமதி எடுக்கவேண்டும். திரும்பி வந்தாலோ, நாம் விமானம் செய்கிற நாடு இல்லை. வாங்குகிறோம், குத்தகைக்கு எடுக்கிறோம், பராமரிக்கிறோம். விமானத்தை வடிவமைப்பது ஒரு தொழில், விமானத்தை ஓட்டிக் காசு பார்ப்பது வேறு தொழில். கையேடுகள் இரண்டையும் ஒரே செவ்வானத்தின் கீழ் வைத்து அச்சடித்துவிடுகின்றன.

அப்படியானால் 'விமானப் போக்குவரத்து முகாமைத்துவம்' என்று நேரடியாகப் பெயர் வைத்த முதுமாணிகள் வீணா? இல்லை. இங்கிலாந்தில் சொந்த விமானநிலையமே வைத்திருக்கும் கிரான்ஃபீல்ட், லண்டனில் சிட்டி, அமெரிக்காவில் எம்ப்ரி-ரிடில், இவையெல்லாம் தொழிலில் பெயர் உள்ள பல்கலைக்கழகங்கள். ஆனால் அந்த வகுப்பில் பாதிப் படிப்பு பக்கத்து நாற்காலியிலிருந்து வருவது. சிட்டியின் படிப்பை வேலையில் இருப்பவர்கள் இடையிடையே வந்து படிக்கும் வகையில் அமைத்திருப்பதும் அதனால்தான். உங்களுக்குப் பக்கத்தில் 12 வருடம் ஓடுபாதையில் நின்றவர் இருப்பார். அவருக்குக் கொடுக்க உங்களிடம் ஏதாவது இருந்தால் அவரிடமிருந்து வாங்கவும் முடியும். மூன்று நாலு வருடம் தொழிலில் இருந்துவிட்டு, மேலே ஏறமுடியாமல் முட்டி நிற்கும்போது இந்தப் படிப்புக்குப் போனால் அது ஏணி. பல்கலைக்கழகத்திலிருந்து நேரே போனால் சொற்கள் மட்டும்தான் மிஞ்சும். 'ஸ்லொட்', 'யீல்ட்', 'லோட் ஃபக்டர்' எல்லாம் வாயில் வரும், நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியோடு நின்றுவிடும்.

எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: கடந்த இரண்டு வருடத்தில் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகள். 'ஆசியாவில் மலிவுக் கட்டண விமானங்களின் எழுச்சி' என்ற மாதிரிப் பொதுத் தலைப்பாகவே இருந்தால் உண்மையான தரவு அவர்கள் கைக்கு வருவதில்லை என்று அர்த்தம். ஒரு குறிப்பிட்ட விமானநிலையத்தின் குறிப்பிட்ட வரிசையைப் பற்றிய தலைப்பு நாலு இருந்தால் அங்கே தொழிலோடு தொடர்பு இருக்கிறது.

உள்ளூரில் படிப்பதென்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, வழங்கல் துறைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எம்.பி.ஏ. என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் தெரிந்த பெயர். வேலையை விடாமல் படிக்கலாம் என்பதே பெரிய ஆறுதல். ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி 9ஆம், 10ஆம் படிகளில் நிற்கிறது. பாடநெறி மட்டும் என்றால் 9, கணிசமான ஆய்வும் சேர்ந்தால் 10. பின்னாளில் கலாநிதிப் பட்டம், விரிவுரையாளர் பதவி என்று நினைப்பு இருந்தால் இந்த ஒரு படி வித்தியாசம் வந்து இடிக்கும். என்னோடு வேலை செய்த ஒருவர் வெளிநாட்டுப் பெயர் போட்ட 'எக்ஸெக்கியூட்டிவ் மாஸ்டர்ஸ்' ஒன்றை இரண்டு வருடம் கட்டணம் கட்டிப் படித்தார். அரசு நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோதுதான், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். கடிதம் வரவே இல்லை. சட்டம் போட்ட சான்றிதழ் மட்டும் அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. காசு கட்டுவதற்கு முன்னால் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்க ஒரு முத்திரைச் செலவுதான்.

கொழும்பில் இருந்துகொண்டு எங்கே வேலை தேடுவது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படிப்பைத் தெரிவுசெய்ய முடியும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பெரிய இடம், கட்டுநாயக்கவில் தரைச் சேவைகளையும் அதுதான் செய்கிறது. கடனும் நட்டமும் அதன் கூடப்பிறந்தவை, விற்கும் பேச்சும் வந்து வந்து போகிறது. விமானநிலையங்களையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் நடத்துவது அரசுக்குச் சொந்தமான தனிக் கம்பனி. 2022இல் வெளிநாட்டுப் பயணிகள் சேவையைத் தொடங்கிய ஃபிட்ஸ் எயார் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் முகவர் அலுவலகங்களும், என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்கும் சரக்கு அனுப்பும் கம்பனிகளும் ஏராளம். பலர் நினைத்துப் பார்க்காத இன்னொன்றும் உண்டு, மென்பொருள். உலகின் பல விமானநிறுவனங்கள் பராமரிப்புக்குப் பயன்படுத்தும் மெயின்டெனிக்ஸ் என்ற மென்பொருள் ஐ.எஃப்.எஸ். என்ற சுவீடன் கம்பனிக்குச் சொந்தம். அந்தக் கம்பனிக்குக் கொழும்பில் பெரிய அலுவலகம் இருக்கிறது. பயணத்துறை மென்பொருள் செய்யும் கோட்ஜென் மருதானையில் இருக்கிறது. கணினி படித்தவர் விமானத்துறைக்குள் வர டுபாய் போகத் தேவையில்லை, 100ஆம் இலக்க பஸ் ஏறினாலும் போதும்.

இந்தத் துறை அடிக்கடி விழுந்தெழும்பும் என்பதையும் மறக்கக்கூடாது. 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் நாட்டில் விமான எரிபொருளே இல்லாமல், கொழும்பிலிருந்து கிளம்பிய விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொண்டு போன கூத்து. அந்த நாலு வருடத்தில் எங்கள் தளத்தில் மட்டும் எத்தனை நாற்காலி காலியானது என்று எனக்குத் தெரியும். புள்ளிவிபரவியல், நிதி, கணினி கையில் இருந்தவர்கள் வங்கிக்கும் தொலைத்தொடர்புக் கம்பனிக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். விமானத்தின் பெயர் மட்டும் பட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. கடன்பட்டு வெளிநாடு போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு வருட முதுமாணியின் கட்டணம் மட்டுமே பெரும்பாலும் 20,000 பவுண்டைத் தாண்டும், ரூபாயில் சுமார் 80 இலட்சம். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதைக் கண்டவர்கள் நாங்கள். ரூபாயில் கடன் வாங்கி பவுண்டில் கட்டுகிற திட்டத்துக்கு நான் எளிதில் தலையாட்ட மாட்டேன்.

சரி, பட்டம் இல்லாமல் உள்ளே நுழையும் சிறிய கதவுகளும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் 'டி.ஜி.ஆர்.' என்போம், ஆபத்தான சரக்குகளைக் கையாளும் சான்றிதழ். சில நாள் வகுப்பு, ஒரு பரீட்சை, 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். போன கிழமை ஒருவர் பழுதுபார்க்கும் கடைக்கென்று ஒரு பெட்டி போன் பற்றரி கொண்டுவந்தார், சாதாரணப் பயணி விமானத்தில் போடச் சொன்னார். மேசையில் இருந்த 22 வயதுத் தம்பி பெட்டியைத் திறக்காமலே "யூ.என். 3480, பயணி விமானத்தில ஏத்தேலாது அண்ணா" என்று தள்ளி வைத்தான். சாதனத்துக்குள் பொருத்தாமல் தனியாக வரும் லித்தியம் அயன் பற்றரிக்கு 2016 ஏப்ரலிலிருந்து அந்தத் தடை இருக்கிறது. சரக்கு விமானத்திலும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. அவனிடம் உயர்தரமும் அந்தச் சான்றிதழும் மட்டும்தான். ஆனால் அன்று அந்த மேசையில் எம்.பி.ஏ.காரர் ஒருவர் இருந்திருந்தால் பெட்டி உள்ளே போயிருக்கும்.

நண்பரின் மகள் கையேடுகளை ஓரமாக வைத்துவிட்டு, வெளிநாட்டு விமானநிறுவனம் ஒன்றின் முகவர் அலுவலகத்தில் முன்பதிவு மேசையில் சேர்ந்தாள். சம்பளம் சிறியதுதான். முதுமாணியை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் பேசிவைத்திருக்கிறார்கள். தாய்க்கு அதில் இன்னும் சமாதானமில்லை.

தீபாவளிக்கு அடுத்த நாள் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை சென்னை ஃபிளைட்டில மலிவு வகுப்பை மூடி 9 சீட் வச்சிருந்தவை. கடைசி ரெண்டு நாளில 11 பேர் வந்தவை. ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பினோம். போன வருசப் பதிவையும் எடுத்துப் பார்த்தன், அப்பவும் 11தான். அப்ப இவை ஏன் இந்த முறையும் 9இலேயே நிண்டவை?"